ஊருக்குப் போனவளின் தட்டு

கரசுதானி
ஏப்ரல் 22

அன்புள்ள கசுமிக்கு,

மாமா எழுதுவது. இங்கே மலையில் பனி கரைந்து ஓடை சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு உடம்பு ஏதாவது முடியாமல் போனதா? சும்மாதான் கேட்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசினால் பின்னால் ரயில் ஓடுகிறது. நான் பேசினால் பின்னால் பக்கத்து வீட்டு உமெயோ பேசுகிறாள். காகிதத்தில் இந்த இடைஞ்சல் கிடையாது.

விஷயம் என்னவென்றால், உன் மாமனாருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இனி ஞாயிறுதோறும் நகோயாவிலிருந்து ஒரு பஸ் நம் ஊருக்கு வரப்போகிறதாம். வருகிறவர்களை ஊரைச் சுற்றிக் காட்டி, மதியம் சோறு போட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும். 'மலைக் கிராமத்தில் ஒரு நாள்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். யார் வழிகாட்டுவது என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் ஏமாளி, தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"கன்சோ அண்ணே, மலை ஏறிக்கிட்டே வாயும் ஓயாம பேசுறதுக்கு உங்கள விட்டா நம்ம ஊர்ல ஆளு ஏது?" என்றார் தலைவர்.

"வாய்க்கு சரிதான். காலுக்கு?" என்றாள் உமெயோ.

சாப்பாடு நம் வீட்டில். பெரிய கூடம் வேறு யாருக்கு இருக்கிறது? சமையல் உமெயோ. மசாதோவின் படம் இருக்கும் அறைக் கதவை அன்றைக்குச் சாத்தி வைக்கலாமா என்று யோசித்தேன். பிறகு, உன் புருஷனுக்கு எப்போதும் கூட்டம் பிடிக்குமே என்று விட்டுவிட்டேன். அவன் கண்ணை மூடிய இந்த மூன்று வருடத்தில் அந்தக் கூடத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. அவனும் கேட்கட்டும்.

கடையில் நின்றுகொண்டே சாப்பிடாதே. உட்கார்ந்து சாப்பிடு.

உன் மாமா
கன்சோ

*

நகோயா
மே 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தபோது எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தேன். நீங்கள் கேட்ட அதே ஞாயிற்றுக்கிழமை எனக்கு நல்ல காய்ச்சல். உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் யாரிடமும் சொல்லவில்லையே. இப்போது பூரண குணம், கவலைப்படாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்கள் வழிகாட்டி என்று படித்ததும் சிரித்துச் சிரித்து மறுபடி இருமல் வந்துவிட்டது. வருகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள். போன முறை நான் வந்திருந்தபோது தபால்காரரிடம் பேசிய மாதிரி பேசாதீர்கள். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தடவிக்கொள்ளத்தான் அது, அலமாரியில் அழகு பார்க்க அல்ல.

உங்கள் கண்ணாடி இன்னும் கோணலாகத்தான் நிற்கிறதா? மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மருமகளுக்கு இதைவிட மானக்கேடு வேண்டாம். அனுப்புங்கள், சரிசெய்து தருகிறோம் என்று எத்தனை முறை எழுதுவது?

மலையில் கரடி கிட்டே வராமலிருக்க நீங்கள் சிவப்புக் கயிற்றில் முடிந்து கொடுத்த அந்தக் கரடி மணி என் சாவிக் கொத்தில்தான் தொங்குகிறது. அதன் புண்ணியத்தில் நகோயாவில் ஒரு கரடிகூட என் பக்கம் தலைகாட்டவில்லை.

உமெயோ அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
கசுமி

*

கரசுதானி
மே 28

அன்புள்ள கசுமிக்கு,

தைலம் வந்தது. தடவினேன். உமெயோ வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். ஆக, குணம் இருக்கிறது.

காய்ச்சல் போனது சந்தோஷம். எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தாய். கிழவனுக்கு என்னவோ தோன்றியது, அவ்வளவுதான். கஞ்சி யார் வைத்தது? உப்பில் ஊறிய பிளம் போட்டிருந்தாரா? போடாவிட்டால் அது கஞ்சியே இல்லை.

முதல் பஸ் இந்த ஞாயிறு வந்துவிட்டுப் போனது. இறங்கியதுமே ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, என்ன அமைதி" என்றார். அதன் பிறகு சாயங்காலம் வரை அவர் வாயை மூடவே இல்லை. இன்னொருவர் தண்ணீர்ச் சக்கரத்தை அரைமணி நேரம் படம் பிடித்துவிட்டு, "இது எதுக்கு சுத்துதுங்க?" என்று கேட்டார். "நீங்க பாக்குறீங்கன்னுதான் சுத்துது, நீங்க போனதும் நிறுத்திடுவோம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

குரங்கு வராமல் இருக்கக் கட்டிய மின்வேலியை எல்லோரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து இவர்களைப் பார்த்தன. எனக்கு இரண்டு பக்கமும் வழிகாட்ட வேண்டியிருந்தது.

கோயில் படிக்கட்டில் ஒரு பெண் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். யார் யாரை அழைத்துப் போகிறார்கள் என்று உமெயோ இன்னும் கேலி செய்துகொண்டிருக்கிறாள். நீ இருந்திருந்தால் நீ பிடித்திருப்பாய்.

ஆகஸ்டில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஒபோன் நாட்களுக்கு வழக்கம்போல வந்துவிடு. மசாதோ வீட்டுக்கு வரும்போது வாசலில் விளக்கேற்றி வைக்க என் கை நடுங்குகிறது. நீதான் ஏற்ற வேண்டும்.

மாமா

*

நகோயா
ஜூன் 30

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. உங்கள் முழங்கால் மழையை எப்படித் தாங்குகிறது? பதில் எழுத ஒரு மாதம் ஆக்கிவிட்டேன், மன்னிக்க வேண்டும். கடையில் வேலை அதிகம்.

ஒபோனுக்கு இந்த வருடம் வர முடியுமா என்று தெரியவில்லை, மாமா. கடையில் ஆள் குறைவு. வர முடியாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கை உமெயோ அத்தை ஏற்றி வைப்பாரா?

கஞ்சியில் பிளம் இருந்தது.

இன்னொரு விஷயம். உங்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வர முன்பே பெயர் கொடுக்க வேண்டுமா? பஸ் எங்கே நிற்கும்? கடையில் ஒருவர் விசாரித்தார். மலை பார்த்ததே இல்லையாம். அதனால் கேட்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுங்கள்.

கசுமி

*

கரசுதானி
ஜூலை 5

அன்புள்ள கசுமிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்காலும் மழையும் பேசி சமாதானம் செய்துகொண்டன.

வேலை என்றால் வேலைதான். விளக்கை உமெயோ ஏற்றுவாள். அவளுக்கும் கை நடுங்கும், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பஸ் நகோயா ஸ்டேஷனின் பின்வாசலில் காலையில் நிற்கும். பெயர் கொடுக்க வேண்டாம், இடம் நிறைய இருக்கிறது. அந்தக் கடைக்காரரைத் தொப்பி கொண்டுவரச் சொல். காலையில் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல். மதியம் உமெயோ இலையில் வைத்துச் சுடும் மிசோ என்கிற சோயா விழுதுக்கு வயிற்றில் இடம் வேண்டும். கரடி மணி நாங்களே தருவோம்.

நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

மாமா

*

நகோயா
ஜூலை 21

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம்தானே? நேற்று ஞாயிறு பஸ் வந்ததா? இந்த முறை எப்படிப்பட்டவர்கள் வந்தார்கள்? ஏதாவது விசேஷமாக நடந்ததா? வெயிலில் நீங்கள் அலைவதை நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. இரண்டு வரியாவது எழுதுங்கள்.

கசுமி

*

கரசுதானி
ஜூலை 29

அன்புள்ள கசுமிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இரண்டு வரி கேட்டிருந்தாய். இரண்டு வரியில் அடங்காது என்பதால்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அன்றைக்குப் பாதி பஸ்தான் வந்தது. வழக்கம்போல நிறுத்தத்திலேயே எல்லோருக்கும் மணி கொடுத்தேன். உயரமாக, கூச்ச சுபாவமாக ஒரு ஆள் மட்டும், "எங்கிட்ட இருக்குங்க" என்று பையைத் தொட்டுக் காட்டினார். சரி என்று விட்டுவிட்டேன். என் கண்ணாடியின் யோக்கியதை உனக்குத்தான் தெரியுமே. எனக்கு மணி தெரிந்தது, மற்றது தெரியவில்லை.

நடக்கிற வழியெல்லாம் அந்த ஆள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மீசையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன். ஓடைக்கரையில் எல்லோரும் காலை நனைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருக்கு. குடுத்தீங்கன்னா நிமித்தித் தந்துடுறேன்."

"நீங்க என்ன கண்ணு டாக்டரா?"

"இல்லீங்க. லென்ஸ் தேய்க்கிற ஆளு."

சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்தார். மலை பார்க்க வருகிறவன் திருப்புளியோடு ஏன் வருகிறான் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பாறையில் உட்கார்ந்து, சட்டை ஓரத்தில் துடைத்து, காதுக் கம்பியை வளைத்து மாட்டிவிட்டார். வெகு நாளைக்குப் பிறகு எதிர்மலை நேராக நின்றது. மலைக்கு அடுத்தபடி நான் தெளிவாகப் பார்த்தது அவர் பையில் தொங்கிய மணியைத்தான். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இனி சாப்பாட்டுக் கதை. அதற்கு முன்னால், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீ நகோயாவுக்கு வேலைக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "போயிட்டு வரேன், மாமா" என்று சொல்லிவிட்டு ஏறினாய். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டு வெளியூர் போனவர்களுக்கு வீட்டில் ஒரு தட்டு வைப்பது உண்டு. போன இடத்தில் அவர்கள் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. அன்று முதல் ஞாயிறு மதியங்களில் உன் இடத்தில், உன் குட்டைக்கால் தட்டில், உன் கிண்ணத்தில் சோறு வைத்து மூடி வைப்பேன். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று அர்த்தம். பிறகு அதை நானே சாப்பிட்டுவிடுவேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு மூடி காய்ந்திருந்தது. சோறு ஆறியிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, உனக்குக் கடிதம் எழுதினேன். இப்போது தெரிந்ததா?

சிரிக்காதே.

அன்றைக்கும் உன் தட்டு அதன் இடத்தில் இருந்தது. எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று. அந்த உயரமான ஆளை மட்டும் காணவில்லை. அவர் வாசலில் குனிந்து, எல்லோர் செருப்பையும் திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்ள வாகாக வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது வீட்டு ஆள் செய்கிற வேலை. முடித்துவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தார். அவருடைய தட்டு அடுப்படியில் மீனுக்காகக் காத்திருந்தது. கூடத்தில் ஆளில்லாமல் இருந்தது உன் தட்டு மட்டும்தான். அதன் முன்னால் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். ஒரு வாய் எடுத்துப் போட்டார்.

உமெயோ சூப் பாத்திரத்தோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்திரிங்க, எந்திரிங்க. அது ஆளு உக்காருற எடமில்ல. அது கன்சோ அண்ணன் மருமகப் பொண்ணோட தட்டு. அவ நகோயாவுல இருக்கா."

மருமகள் என்றதும் அந்த ஆள் முகத்தில் ரத்தம் இல்லை.

உமெயோ விடவில்லை. "வெளியாளு வாய் வெச்சுட்டா ஊருக்குப் போனவங்க திரும்பி வர மாட்டாங்க. எங்கம்மா சொல்லுவாங்க. போச்சு. இனிமே அந்தப் பொண்ணு எங்க வரப்போகுது."

கூடத்தில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அமைதி வேண்டும் என்று வந்தவர்களுக்கு அப்போதுதான் அது கிடைத்தது.

எனக்கு அந்த நேரம் என்ன தோன்றியது என்று உள்ளபடி எழுதிவிடுகிறேன். அவரைக் கையைப் பிடித்துத் தூக்கி வெளியே அனுப்ப வேண்டும் என்று தோன்றியது. ஓடைக்கரையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு கோயில் படி, தண்ணீர்ச் சக்கரம், குரங்கு வேலி எல்லாவற்றையும் வாய் சொல்லிக்கொண்டு போனதே தவிர மனது எதிலும் இல்லை. என் மகன் இடத்தை எடுத்துக்கொள்ள வந்தவன், என் மருமகள் தட்டிலும் கை வைத்துவிட்டானே என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்த ஒரு வாய்ச் சோறு அவர் வாயிலேயே இருந்தது, கசுமி. விழுங்கவும் பயம், துப்பவும் பயம். கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு, என்னையே பார்த்தார். தப்புச் செய்த குழந்தை மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கோபமாக இருக்க எனக்குத் தெரியவில்லை.

"உமெயோ, இவரு வெளியாளுன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றேன்.

"பின்ன யாராம்?"

"சூப்ப ஊத்து. சாப்பாடு ஆறுது."

அவர் விழுங்கினார். பிறகு நெற்றி தரையில் படும்படி என்னைக் கும்பிட்டார். எழுந்து உட்கார்ந்து, தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. அதையும் சாப்பிட்டார்.

மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் மசாதோவின் அறைக்குப் போனார். படத்துக்கு முன்னால் மண்டியிட்டு வெகு நேரம் கை கூப்பிக்கொண்டிருந்தார். என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்.

கிளம்பும்போது அவர் மணியை வாங்கிப் பார்த்தேன். சிவப்புக் கயிறு நைந்து போயிருந்தது. புதுக் கயிறு போட்டு முடிந்து கொடுத்தேன். பழைய முடிச்சும் என் கை முடிச்சுத்தான், அதனால் அவிழ்க்கச் சிரமம் இல்லை. இன்னொருவருக்குக் கொடுக்கும்போது கயிற்றைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டாமா? இங்கே நிஜமாகவே கரடி இருக்கிறது.

ஒபோனுக்கு வர முடியாது என்று எழுதியிருந்தாய். வேலை அப்படி. நான் ஒன்றும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

*

நகோயா
ஆகஸ்ட் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடல்நலத்தை விசாரித்துத்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன். இந்த முறை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நாலைந்து காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அவர் பெயர் நிஷிவாகி. எங்கள் கடையில் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறார். கஞ்சி கொண்டுவந்தது அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இந்த வசந்தத்தில் கேட்டார். எனக்குச் சம்மதம் என்று மனது சொன்னது. வாய் சொல்லவில்லை. உங்கள் மாமாவிடம் முதலில் சொல்ல வேண்டும், இல்லையா, என்று அவரே கேட்டார். சொல்கிறேன் என்று ஏப்ரலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுதத்தான் உட்காருவேன், கடைசியில் தைலத்தைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிடுவேன்.

என் பயம் உங்கள் கோபம் இல்லை, மாமா. நீங்கள் கோபித்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனால் என் பெயர் மாறிவிடும். வேறு வீட்டுப் பெண் ஆகிவிடுவேன். அப்புறம் எந்த உரிமையில் அந்த மேட்டில் ஏறி வந்து, "மாமா" என்று கூப்பிடுவேன்? எனக்கு அம்மா அப்பா இல்லை. நீங்களும் இல்லையென்றால் நான் போயிட்டு வரேன் என்று சொல்ல ஒரு வாசல் கிடையாது. அதை நினைத்தால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றுகிறது.

மசாதோ வரும் நாளில் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் தெரியவில்லை. அதனால்தான் வரவில்லை என்றேன். கடையில் ஆள் குறைவு என்றது பொய்.

"நான் போய் ஒரு தடவை பாத்துட்டு வரேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன், கண்ணாடிய மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார் நிஷிவாகி. கரடி வந்துவிடுமோ என்று பயந்து என் மணியைக் கழற்றிக் கொடுத்தேன். நீங்கள் மணி கொடுப்பீர்கள் என்று எழுதியிருந்தும் கொடுத்தேன். பாருங்கள் என் புத்தியை.

அன்று திரும்பி வந்தவர், "கசுமி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னார். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். 'வெளியாளுன்னு யாரு சொன்னது' என்ற இடத்தில் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார்.

அந்தத் தட்டு எனக்குத் தெரியாது, மாமா. தெரிந்திருந்தால் நான் ஒரு ஞாயிறுகூட நின்றுகொண்டு சாப்பிட்டிருக்க மாட்டேன். இனியும் அதை வைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை.

நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

கசுமி

*

கரசுதானி
ஆகஸ்ட் 18

அன்புள்ள கசுமிக்கு,

நான் நலம். உமெயோ நலம். மசாதோ வந்துவிட்டுப் போனான்.

அவன் ஏறி வர வெள்ளரிக்காயில் குதிரையும், ஏறிப் போகக் கத்தரிக்காயில் பசுவும் செய்து வைத்தேன். குதிரைக்கு ஒரு கால் குட்டை. விளக்கை நானே ஏற்றினேன். உமெயோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நடுக்கமும் சேர்ந்து நேராகிவிட்டது.

சாயங்காலம் அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உன் கடிதம் முழுவதையும் உரக்கப் படித்தேன். நீ சொல்லத் தயங்கியதை நான் சொல்லிவிட்டேன், இனி உனக்கு அந்தப் பாரம் வேண்டாம். "உம் பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா கஞ்சி வெச்சுக் குடுக்க ஒரு ஆளு இருக்காண்டா. பிளம் போட்டுக் குடுத்திருக்கான்" என்றேன். மெழுகுவத்தி ஆடாமல் எரிந்தது. அவன் உயிரோடு இருந்தபோதும் நான் சொல்வதற்கு இப்படித்தான் பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பான், பிடித்திருந்தால்.

எனக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் வந்த பஸ் போன பிறகு ஒரு வாரம் விறகு பிளந்தேன். இரண்டு குளிர்காலத்துக்கு வரும். என் மகன் இருந்திருக்க வேண்டிய இடம் அது. அந்த நினைப்பு போகவில்லை, போகவும் போகாது. அது என் வலி, அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்காக உன்னைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடச் சொல்ல முடியுமா?

பெயர் மாறினால் தபால்காரருக்குத்தான் சிரமம். எனக்கு என்ன? உரிமை உரிமை என்று எழுதியிருக்கிறாய். மசாதோ ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மாதம் எனக்கு நீ சோறு ஊட்டினாய், நினைவிருக்கிறதா? அவனுக்கு இல்லை, எனக்கு. நான் சாப்பிட மறந்துவிட்டேன் என்று. அதன் பிறகு இந்த வீட்டில் உனக்கு என்ன உரிமை என்று கேட்க எவனுக்கு உரிமை இருக்கிறது?

உமெயோவுக்கு விஷயத்தைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா மீன் பெருசா எடுத்து வெச்சிருப்பேனே" என்று என்னைத் திட்டினாள்.

அக்டோபரில் இலை சிவக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு வா. ஞாயிறு பஸ்ஸிலேயே வாருங்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடு. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் கூடத்தில் தட்டு. வீட்டு ஆட்களுக்கு அடுப்படியில்தான் சோறு. அங்கே இடம் குறைவு, அவர் கால் நீளம். எப்படியாவது மடக்கிக்கொள்ளட்டும்.

மாமா

*

நகோயா
அக்டோபர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக் கொடுத்த காளானும் நசுங்காமல் வந்தது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எங்களோடு மசாதோவின் கல்லறை வரை ஏறியது அதிகம் என்று எனக்குப் படுகிறது.

அவருக்கு இன்னும் கால் மரத்துத்தான் கிடக்கிறது. உங்கள் அடுப்படியில் மடித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்க உமெயோ அத்தை கை கொடுக்க வேண்டியிருந்ததைக் கடையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மீன் சின்னது, தனக்குத்தான் பெரியது என்றும் சொல்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். பஸ் கிளம்பும்போது மற்றவர்கள் எல்லோரும் உங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. கதவு மூடுகிற நேரத்தில், "மாமா, போயிட்டு வரேன்" என்றார். சத்தமே வரவில்லை, எனக்கே பாதிதான் கேட்டது. நீங்கள் அப்போது டிரைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நகோயா வந்து சேரும்வரை, "மாமாவுக்குக் கேட்டிருக்குமா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. நேற்றுக்கூட லென்ஸ் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

குளிர் வந்துவிட்டது. கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கசுமி

*

கரசுதானி
அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள கசுமிக்கு,

நான் நலம். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இன்று பஸ் வந்தது, போனது. இலை பார்க்க நல்ல கூட்டம். கூட்டம் வருவதற்கு முன்பே உன் தட்டை உன் இடத்தில் வைத்தேன். அதன் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்தேன். கிண்ணம் மசாதோவுடையது இல்லை, புதிது. உமெயோ கடைவீதிக்குப் போய்ப் பெரியதாகப் பார்த்து வாங்கி வந்தாள். யாரும் தெரியாமல் உட்கார்ந்துவிடக் கூடாது என்று பக்கத்திலேயே காவலும் இருந்தாள்.

எல்லோரும் போன பிறகு இரண்டு மூடியையும் தூக்கிப் பார்த்தோம். இரண்டிலும் நீர் கோத்திருந்தது. அவருடையதில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கேட்டது என்று சொல்லிவிடு.

மாமா